கடைத்தெருவில் நின்றவர்கள்



பள்ளி விடுமுறை தொடங்கிவிட்டது. ஊருக்குச் செல்ல வாய்த்தவர்கள் சென்றுவிட்டார்கள். விமானக் கட்டணத்தைப் பார்த்து மலைத்து இங்கேயே தங்கிவிட்டவர்கள், நான்கு சுவர்களுக்குள் பிள்ளைகளை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று திகைக்கிறார்கள். சென்ற வாரம் ஆராதனை முடிந்தபின் ஓர் இளம் தகப்பன் என்னைத் தனியே அழைத்துக் கேட்டார்: "பாஸ்டர், வாராவாரம் பிள்ளைகளை மாலுக்குத்தான் கூட்டிப் போகிறோம். வேறு போக்கிடம் இல்லை. ஆனாலும் மனசு உறுத்துகிறது. இது தப்பா?"

இந்தக் கேள்வியை 2011-ஆம் ஆண்டுக்கு முன்னர் யாரேனும் கேட்டிருந்தால் நின்ற இடத்திலேயே பதில் சொல்லியிருப்பேன். வசன ஆதாரங்களையும் வரிசையாகத் தந்திருப்பேன். இப்போது அது என்னால் முடியவில்லை. "எழுதுகிறேன் தம்பி" என்று மட்டும் சொல்லி அனுப்பினேன். எழுதிவிட்டேன். இது பதில்தானா என்பதை அவரே முடிவு செய்துகொள்ளட்டும்.

நாங்கள் குடும்பமாக இந்நாட்டுக்கு வந்தபோது மகளுக்கு ஆறு வயது, மகனுக்கு மூன்று. ஷார்ஜாவில் இரண்டு படுக்கையறைகள் உள்ள வீடொன்றை இன்னொரு குடும்பத்தோடு பகிர்ந்து குடியிருந்தோம். அந்த வீட்டுச் சகோதரி மருத்துவமனையில் இரவுப்பணி பார்க்கும் செவிலியர். பகலில் அவர் உறங்கியாக வேண்டும். ஆகவே அந்நாட்களில் எங்கள் வீட்டில் ஜெபத்தைக் காட்டிலும் அதிகமாக ஒலித்த சொல் "மெதுவா" என்பதே. மெதுவாகப் பேசு, மெதுவாக நட, கதவை மெதுவாகச் சாத்து. மூன்று வயதுப் பிள்ளை எப்படி மெதுவாக விளையாடும்? வெளியே அனுப்பலாமென்றால், ஜூன் முதல் செப்டம்பர் வரை வெயில் 45 டிகிரியைத் தொட்டுவிடும். பூங்காவின் சறுக்குமரத்தில் கை வைத்தால் பொசுங்கும். மாலையில் வெயில் தாழ்ந்தாலும் கடற்காற்றின் ஈரப்பதம் மூச்சை அடைக்கும்.

ஆகவே மால்தான் எங்களுக்கு முற்றமாயிற்று. எனக்குச் சிறுவயதில் ஆலயத்துக்கு எதிரே இருந்த வேப்பமரத்தடி என்னவாக இருந்ததோ, என் பிள்ளைகளுக்கு அந்தப் பளிங்குத் தரையும் நகரும் படிகளும் அதுவாக இருந்தன. மகன் ஓடப் பழகியது அங்கே. மகள் ஆங்கில எழுத்துகளைக் கூட்டி வாசித்ததும் கடைகளின் பெயர்ப்பலகைகளில்தான்.

எங்களிடம் கார் இல்லை. பேருந்தில் யூனியன் நிலையம் வரை வந்து, அங்கிருந்து மெட்ரோ பிடிப்போம். 2009 செப்டம்பரில் ஓடத் தொடங்கியிருந்த, ஓட்டுநர் இல்லாத அந்த ரயிலே பிள்ளைகளுக்கு முதல் வேடிக்கை. பணம் கொடுக்காமல் பார்க்கக்கூடியவை எவையெவை என்பதில் என் மனைவி தேர்ந்துவிட்டாள். துபாய் மாலில் மூன்று மாடி உயரத்துக்கு நிற்கும் மீன்காட்சிக் கண்ணாடியை வெளியிலிருந்து பார்க்கக் கட்டணமில்லை. மால் ஆஃப் தி எமிரேட்ஸில் பனிச்சறுக்கு அரங்கத்தின் கண்ணாடியில் முகத்தை அழுத்திக்கொண்டு, கம்பளி உடுத்த குழந்தைகள் பனியில் விழுந்து எழுவதைப் பார்த்திருக்கலாம். இப்ன் பதூதா மாலில் இந்தியக் கூடத்தில் நிற்கும் யானைக் கடிகாரத்தின் அடியில் அரைமணி நேரம் கழியும். அந்த மாலுக்குப் பெயர் கொடுத்த பயணி 14-ஆம் நூற்றாண்டில் நம் மதுரைக்கும் வந்தவர் என்று நான் சொன்னபோது என் மகன், "அப்போ அங்கேயும் மால் இருந்ததா?" என்று கேட்டான்.

ஒரு முறை போனால் 20 திர்ஹாம் என்பது எங்கள் கணக்கு. மனைவி வயிறு நிறைய உண்ணவைத்துத்தான் பிள்ளைகளைக் கிளப்புவாள். பசித்த பிள்ளையை உணவுக்கடைகளின் நடுவே அழைத்துச் செல்வது பாவம் என்பது அவளுடைய இறையியல். ஆளுக்கொரு ஐஸ்கிரீம் வாங்கினால் கணக்கு முடிந்துவிடும். மகளுக்கு ஒன்பது வயதிருக்கையில் ஒருநாள் கேட்டாள்: "அப்பா, நாம் வாங்க வந்திருக்கோமா, பார்க்க வந்திருக்கோமா?" பார்க்கத்தான் என்றேன். என் குரலில் ஏதோ தாழ்ந்திருக்க வேண்டும். அவள் என்னைத் தேற்றுகிறவளைப்போல், "அப்போ நல்லா பார்ப்போம்" என்றாள்.

இடையிலே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தொழுகை நேரத்தில் மால்களின் ஒலிபெருக்கியில் பாங்கு ஒலிக்கும். அதுவரை காதில் விழுந்துகொண்டிருந்த இசை நின்றுபோகும். விற்பனையின் உச்சியில் நிற்கும் ஒரு கட்டடம் இறைவனை நினைத்து ஒரு கணம் தன் பாட்டை நிறுத்துகிறதே என்று நான் வியந்ததுண்டு. நம்முடைய ஊர்ப் பண்டிகைக்கால விற்பனையில் அப்படி நிறுத்துகிற கணம் ஏதேனும் உண்டா என்று யோசித்ததும் உண்டு.

இத்தனையும் செய்துகொண்டே, நான் மால்களுக்கு எதிராகப் பிரசங்கித்தேன். அந்நாட்களில் இங்கே வாரவிடுமுறை வெள்ளிக்கிழமை; ஆராதனையும் அன்றுதான். 2011 ஜூலை முதல் வெள்ளியன்று நெகேமியா 13-ஆம் அதிகாரத்தை எடுத்துக்கொண்டேன். தீருவின் வியாபாரிகள் ஓய்வுநாளில் மீனும் சரக்கும் கொண்டுவந்து எருசலேமில் விற்றதையும், நெகேமியா நகர வாசல்களைப் பூட்டச் செய்ததையும் விளக்கிவிட்டு, "இங்கே சிலருடைய இருக்கைகள் மாதக்கணக்கில் காலியாக இருக்கின்றன, மால்களிலோ நிற்க இடமில்லை" என்று சொன்னேன். சபையில் மெல்லிய சிரிப்பு எழுந்தது. அந்த வாக்கியம் நன்றாக அமைந்துவிட்டது என்று எனக்குள் ஒரு திருப்தியும் இருந்தது. காலியான இருக்கைகளில் எவருடையவை என் கண்முன் நின்றன என்பதையும் அறிக்கையிட வேண்டும். அவற்றில் ஒன்று, தூத்துக்குடி மாவட்டத்துச் சிற்றூரிலிருந்து வந்த ஒரு சகோதரருடையது. பனையேறியின் மகன். நல்ல குரல். வாரந்தவறாமல் வந்து இடப்புறம் மூன்றாம் வரிசையில் அமர்ந்திருந்தவர் நான்கு மாதங்களாகக் காணவில்லை. பின்மாற்றம் என்று மனதுக்குள் எழுதிவைத்துவிட்டேன். விசாரிக்கவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை ஆராதனைக்குப் பிறகு மாலையில் நாங்களும் ஒரு மாலுக்குப் போனோம். வாங்கப் போகிறவர்கள் வேறு, பார்க்கப் போகிறவர்கள் வேறு என்று எனக்கு நானே சமாதானம் சொல்லி வைத்திருந்தேன். அன்று கூட்டம் மிகுதி. மகன் கையிலிருந்த ஐஸ்கிரீம் கூம்பிலிருந்து கழன்று, நகரும் படிக்கு முன்னே தரையில் விழுந்தது. அன்றைய 20 திர்ஹாமில் பாதி. நான் அவனைக் கடிந்துகொண்டிருக்கையில் சாம்பல்நிறச் சீருடை ஒன்று வந்து குனிந்தது. துடைப்பானுக்கு வழிவிட்டுக் காலை நகர்த்தி, "சாரி" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு மீண்டும் மகனைப் பார்த்துப் பேசலானேன். சீருடைக்குமேல் ஒரு முகம் இருக்கும் என்பது எனக்குத் தோன்றவில்லை.

மகள் என் சட்டையை இழுத்தாள். "அப்பா, நம்ம கோயில் மாமா."

அவர் நிமிர்ந்தார். "ஸ்தோத்திரம் ஐயா" என்றார் மெல்ல. மேற்பார்வையாளர் எங்கே நிற்கிறார் என்று ஒரு பார்வை பார்த்துக்கொண்டார். பிறகு, தரையைத் துடைத்தபடியே அவசரமாகச் சொன்னார்: "மார்ச்சுலேருந்து லீவை மாத்திட்டாங்கய்யா. வெள்ளிக்கிழமைதான் இங்கே கூட்டம் ஜாஸ்தி. செவ்வாய்க்கிழமை லீவு. அதான் கோயிலுக்கு வர முடியல. மன்னிச்சிருங்கய்யா." சற்று நிறுத்தி, "போன வாரத்துப் பிரசங்கத்தை ரூம்ல தம்பி சொன்னான். நான் மால்ல சுத்திக்கிட்டு இருக்கேன்னு நெனச்சிராதீங்க. வேலைதான் பாக்கேன்" என்றார்.

என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. ஏதேனும் சொல்லியிருந்தால் அது சொல்லத் தகுந்ததாக இருந்திராது. தரையில் ஐஸ்கிரீமின் சுவடே இல்லை. அவர் மகனின் தலையைத் தடவ நீட்டிய கையில் கையுறை இருப்பதைக் கண்டு பின்னிழுத்துக்கொண்டு போய்விட்டார்.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. மத்தேயு 20-ஆம் அதிகாரத்தின் திராட்சத்தோட்ட உவமையைக் குறைந்தது பத்து முறையாவது பிரசங்கித்திருப்பேன். எப்போதும் கூலியைப் பற்றித்தான் பேசியிருக்கிறேன்: கடைசியில் வந்தவனுக்கும் அதே கூலி, அது தேவனுடைய தாராளம் என்று. அந்த வீட்டெஜமான் ஒரே நாளில் ஐந்து முறை வெளியே புறப்பட்டுப் போகிறார் என்பது அன்றுதான் என் நெஞ்சில் தைத்தது. விடியற்காலையில் போகிறார், மூன்றாம் மணியில் போகிறார், ஆறாம், ஒன்பதாம் மணிகளில் போகிறார், பதினோராம் மணியிலும் போகிறார். கணக்கனை அனுப்பவில்லை. தாமே கடைத்தெருவுக்குப் போய், நிற்கிறவர்களைப் பார்த்து, ஏன் நிற்கிறீர்கள் என்று கேட்கிறார். காரணத்தை அவர்கள் சொல்லும்வரை அவர்களைச் சோம்பேறிகள் என்று எழுதிவைக்கவில்லை. நானோ நான்கு மாதம் ஆலயத்துக்குள் அமர்ந்துகொண்டு, காலி இருக்கையைப் பார்த்தே தீர்ப்பெழுதினேன்.

அந்தக் கடைத்தெருவுக்கு மூலமொழியான கிரேக்கத்தில் 'அகோரா' என்று பெயர். இறையியல் கல்லூரியில் படித்த நாட்களில் அச்சொல்லைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்ததோடு சரி. ஆண்டவர் தம் தலைமுறைக்கு ஒப்பிட்ட சிறுபிள்ளைகள் உட்கார்ந்து விளையாடியது அகோராவில். வியாதிஸ்தரைக் கொண்டுவந்து, அவருடைய வஸ்திரத்தின் ஓரத்தையாவது தொட்டுவிட வேண்டுமென்று கிடத்தியதும் அகோராவில். பவுல் ஏதென்சில் நாள்தோறும் எதிர்ப்பட்டவர்களோடு பேசியதும் அங்கேதான். விற்பனை நடக்கிற இடம் என்பது உண்மையே. ஆனால் பிள்ளைகளும் நோயாளிகளும் வேலைக்குக் காத்திருப்பவர்களும் இருந்த இடமும் அதுவே.

இதைப்பற்றிப் பின்னர் வாசித்தபோது ஒரு செய்தி கிடைத்தது. மேற்கூரையிட்டு, முழுவதும் தட்பவெப்பம் சீராக்கப்பட்ட முதல் அமெரிக்க மால், கடுங்குளிர் மாநிலமான மின்னசோட்டாவில் 1956-இல் திறக்கப்பட்டது. அதை வடிவமைத்த விக்டர் குருயன், வியன்னாவில் பிறந்த யூதர். 1938-இல் நாஜிகளிடமிருந்து தப்பி அமெரிக்கா சென்றவர். தாம் இழந்துவந்த நகரத்தின் பொதுச்சதுக்கத்தைப்போல மனிதர் கூடிப் பழகும் இடமொன்றை அவர் கனவுகண்டார். அதைச் சுற்றி வீடுகளும் பள்ளியும் மருத்துவமனையும் அமைய வேண்டுமென்று திட்டமிட்டார். கட்டியவர்கள் கடைகளை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். முதிய வயதில் வியன்னாவுக்கே திரும்பிய அவர், மால்களைத் தம் பிள்ளைகளென ஒப்புக்கொள்ள மறுத்தார். நாடு விட்டு நாடு வந்த ஒருவனின் ஏக்கத்தில் பிறந்த கட்டடம் அது என்று அறிந்தபின், அங்கே கும்பல் கும்பலாக அமர்ந்திருக்கும் நம்மவர்கள்மேல் எனக்கிருந்த கோபம் பெருமளவு குறைந்தது.

அடுத்த செவ்வாய்க்கிழமை மாலை அல் கூஸ் பகுதியில் அவர் தங்கியிருந்த இடத்துக்குப் போனேன். ஓர் அறைக்கு எட்டுப் பேர். வெள்ளிக்கிழமை விடுப்பில்லாத தமிழ்ச் சகோதரர்கள் அந்தக் கட்டடத்தில் மட்டும் ஆறு பேர் இருந்தார்கள். இரும்புக் கட்டில்களின்மேல் அமர்ந்து ஜெபித்தோம். சபையில் இன்றும் நடக்கிற செவ்வாய் ஜெபக்கூட்டம் எப்படித் தொடங்கியது என்று கேட்கிறவர்களுக்கு இதுதான் கதை. என் தரிசனத்தால் தொடங்கியது என்று சிலர் சாட்சி சொல்லக் கேட்டிருக்கிறேன். கீழே விழுந்த ஐஸ்கிரீமால் தொடங்கியது.

அன்று அவர் தயங்கித் தயங்கி ஓர் உதவி கேட்டார். ஊரில் அவருக்கு ஆறு வயதில் ஒரு மகள். அப்பா எங்கே வேலை செய்கிறார் என்று போனில் கேட்டுக்கொண்டே இருக்கிறாளாம். "பெரிய கண்ணாடி வீடும்மா, உள்ளேயே படி நடக்கும்" என்று சொன்னால் நம்புவதில்லையாம். பணிநேரத்தில் அவர் கையில் போன் வைத்திருக்கக் கூடாது. நாங்கள் போகும்போது சில படங்கள் எடுத்துத் தர முடியுமா? என் பிள்ளைகள் அதைத் தேவ ஊழியமாகவே எடுத்துக்கொண்டார்கள். எங்களிடமிருந்த சிறிய கேமராவில் நகரும் படி, கண்ணாடி லிஃப்ட், செயற்கை நீரூற்று, மேற்கூரை விளக்குகள் என்று முப்பதுக்குமேல் எடுத்தார்கள். பன்னிரண்டு படங்களை அச்சிட்டு, ஊருக்குப் போகிற ஒருவர் கையில் கொடுத்தனுப்பினோம்.

மூன்று வாரங்கள் கழித்து அவரிடம் கேட்டேன், மகள் என்ன சொன்னாள் என்று. சிரித்துக்கொண்டே சொன்னார்: "எல்லாப் படத்திலேயும் என்னைத் தேடினாளாம்யா. அப்பா எங்கே, அப்பா எங்கேன்னு அவ அம்மாவைப் போட்டு உலுக்கி எடுத்துட்டாளாம்."

என் மகள் அதைக் கேட்டுக்கொண்டு நின்றாள். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பேசவில்லை. மறுநாள் காலையில், "மாமாவை நாம மாலுக்குக் கூட்டிட்டுப் போகணும். விருந்தாளியா" என்றாள். ரம்ஜான் முடிந்த ஒரு செவ்வாய்க்கிழமை மாலை அப்படியே செய்தோம். இஸ்திரி போட்ட நீலச் சட்டையில் வந்திருந்தார். தானாகத் திறக்கும் முன்கதவின் முன்னே நின்றுவிட்டார். நான்கு ஆண்டுகளாக அங்கே வேலை செய்கிறவர். அந்தக் கதவு வழியாக அதுவரை நுழைந்ததில்லை. பின்புறம் சரக்கு வண்டிகள் வந்து நிற்கும் தளத்தின் வழியாகத்தான் அவருக்குப் பாதை. மகன் அவருடைய விரலைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனான்.

உள்ளே போனதும் நிலைமை தலைகீழாயிற்று. நாங்கள் பலமுறை பார்த்த மாலை அவர் எங்களுக்குக் காட்டினார். சுவரின் நிறத்திலேயே வண்ணம் பூசப்பட்ட ஒரு கதவைச் சுட்டி, இது கதவு என்று தெரிகிறதா என்று பிள்ளைகளிடம் கேட்டார். எங்களுக்கு அது சுவர்தான். அதன் பின்னே கடைகளின் முதுகுப்புறமெல்லாம் நீண்டு செல்லும் சிமெண்டுப் பாதை இருக்கிறதாம். சரக்கும் குப்பையும் பணியாளர்களும் அதன் வழியே போவார்களாம். நள்ளிரவுக்குமேல் தரை தேய்க்கும் இயந்திரத்தின்மீது அமர்ந்து ஓட்டுவதை விவரித்தபோது என் மகனின் கண்கள் விரிந்தன. பெரியவனானால் அந்த வேலைக்குத்தான் போவேன் என்று அறிவித்தான். எந்தத் தூணருகே காப்பிக்கறை அதிகம் படும், எந்தக் கண்ணாடியில் குழந்தைகளின் கைரேகை எந்த உயரத்தில் பதியும் என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. "இந்த உயரம் உங்க தம்பியோடது" என்று என் மகளிடம் சொல்லிச் சிரித்தார். அவர் நடையில் ஒரு பெருமிதம் இருந்தது. அன்று ஐஸ்கிரீம் அவர் வாங்கிக் கொடுத்தார். தடுத்துப் பார்த்தேன், "இது என் இடம்யா" என்றார்.

அந்த இளம் தகப்பனுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவே. பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள். இந்த வெயிலில் வேறு எங்கே போவீர்கள்? வாங்கித் தர முடியாதவற்றைக் குறித்துக் கூச வேண்டாம். ஆனால் அவர்கள் யாரைப் பார்த்து முகம் மலர்கிறார்கள் என்று கவனியுங்கள், அதைத் தடுக்காதிருங்கள். எனக்கு இதைக் கற்பித்தது கல்லூரியல்ல, பத்து வயதுப் பெண்.

கண்ணாடி லிஃப்டின் முன்னே அவரை நிறுத்தி என் மகள் படம் எடுத்தாள். நேராக நின்று, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, கேமராவைப் பார்த்துச் சிரித்தார். படத்தை அச்சிட்ட பிறகுதான் கவனித்தோம்: வலது கையை மூடி வைத்திருந்தார், விரல்களுக்கிடையே கசங்கிய வெள்ளைக் காகிதம் ஒன்று தெரிந்தது. யாரோ தரையில் போட்டுச் சென்ற கைத்துடைப்புத் தாள். நடந்து வரும்போது தம்மையறியாமல் குனிந்து எடுத்திருக்கிறார்.

அந்தப் படமும் ஊருக்குப் போயிற்று. அப்பா கையில் என்ன வைத்திருக்கிறார் என்று மகள் போனில் கேட்டாளாம். "டிக்கெட்டும்மா" என்று சொன்னாராம்.